இருபத்தொரு வருடத்து டின்

மச்சான்,

அன்புள்ள என்று எழுதக் கை வரவில்லை.

கனடாவிலிருந்து நீ எழுதிய கடிதத்தில் என் மகனுக்கு இரண்டு வரி, புகையிலைக்கு ஒரு பக்கம். அவனுடைய ஞானத்தகப்பன் நீ. ஞானஸ்நானத்தன்று அந்த வேர்ஜீனியாப் புகையிலை டின்னைத் தந்து, "இவனுக்கு இருபத்தொரு வயதில மூண்டு பேருமாப் பத்துவம், அதுவரைக்கும் காத்துப்பட விடாத" என்றவனும் நீ.

நான் விடவில்லை. கொட்டாஞ்சேனை வீட்டைச் சோதிக்க வந்த இராணுவத்தினர் டின்னைத் திறக்கச் சொன்னபோதும் விடவில்லை. திறந்தால் பழுதாகிவிடும் என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் மறித்தேன். புகைக்கிற பைப்பும் கையுமாக நின்று அவர்களுக்கு ருசியைப் பற்றி விளக்கினேன். திறக்கவிடாத டின்னுக்குள் குண்டு இல்லாமல் வேறென்ன இருக்கும்? டின்னையும் என் மகனையும் ஜீப்பில் ஏற்றினார்கள்.

அன்றிலிருந்து பேர்ணடெற் எனக்கு மனைவியாக இல்லை, அவனைப் பெற்றவளாக மட்டும் இந்த வீட்டில் இருக்கிறாள். என்னோடு கதைப்பதில்லை.

ருசி எப்படி என்று கேட்கிறாய். நேற்று அவனுடைய இருபத்தோராவது பிறந்தநாள். தனியே இருந்து பத்தினேன். முதலில் வைக்கோல், பிறகு முந்திரிகைப்பழ வற்றல், கடைசியில் தேன். நாக்கைச் சுடவேயில்லை. நீ சொன்னது அவ்வளவும் சரி. நாசமாய்ப் போக.

டின்னை மட்டும் மூன்றாம் நாளே திருப்பித் தந்துவிட்டார்கள்.

இப்படிக்கு,
உன் ஞானமகனின் தகப்பன்