பத்துக்கு மூன்று

சாய்ந்தமருது
12.02.2024

அன்புள்ள சுல்பிகா,

அஸ்ஸலாமு அலைக்கும். தொலைபேசியில் உன் குரலைக் கேட்டால் வேறு எதையோ பேசிவிட்டு வைத்துவிடுகிறேன். அதனால் உன் மூத்த சகோதரர் ஹமீட் காக்காவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். நீ ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வந்த அன்றே நான் என்னோடு பிறந்த ராத்தாவின் வீட்டுக்கு வந்துவிட்டேன். கோபமில்லை. உன் முகத்தைப் பார்க்க வெட்கம்.

குடல்வால் ஒப்பரேசன் முடிந்த மறுநாள், ஆட்கள் பார்க்க வரும் நேரம். தாதி நபீலா, "பத்துக்கு எத்தினை நோவு?" என்று கேட்டார். நீ எட்டு விரல் காட்டினாய். அடுத்த கட்டிலைச் சுற்றி நம் ஊர் ஆட்கள். நீ முனக முனக அவர்கள் திரும்பிப் பார்த்தது எனக்குக் கூச்சமாக இருந்தது. உன் கையைப் போர்வைக்குள் அமுக்கிவிட்டு, "இவ சின்ன நோவுக்கும் இப்பிடித்தான் மிஸ். மூண்டு எண்டு போடுங்க" என்றேன். அவரும் அப்படியே எழுதினார். இரண்டு நாள் கழித்து, வயிற்றில் சீழ் என்று மறுபடியும் உன்னை வெட்டினார்கள்.

மன்னிப்புக் கேட்கவும் வாய் வரவில்லை.

மஜீட்

மருதமுனை
15.02.2024

அன்பின் மச்சானுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். கட்டின புருசனை நான் விரட்டிவிட்டதாக ஒழுங்கையில் எல்லா வீட்டிலும் கதை. அதையும் நான்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

உங்களுக்குத் தெரியாத ஒன்று உண்டு. ஆட்கள் போன பிறகு நபீலா மிஸ் திரும்பி வந்தார். "இப்ப ஒருத்தரும் இல்ல. நீங்க சொல்லுங்க, எத்தினை?" என்றார். பல்லைக் கடித்துக்கொண்டு, "அவர் சொன்னது சரிதான் மிஸ்" என்றேன். உங்களைப் பொய்யராக்க மனம் வரவில்லை. அதை நினைத்தால் உங்கள்மேல் வருவதைவிட என்மேல்தான் ஆத்திரம் வருகிறது.

காயம் இன்னும் மூடவில்லை. மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு உம்மா மருந்து கட்டும்போது கத்துகிறேன். இனி அடக்கமாட்டேன். அதைக் கேட்டுக்கொண்டு இந்த வீட்டில் இருக்க முடியுமென்றால் வாருங்கள்.

சுல்பிகா

சாய்ந்தமருது
18.02.2024, காலை

அன்புள்ள சுல்பிகா,

நேற்று மருதமுனையில் அஸர் தொழுதுவிட்டு உன் வீட்டு வாசல் படலைவரை வந்தேன். உன் சத்தம் ஒழுங்கைக்குக் கேட்டது. எதிர்வீட்டு அப்துல் ஸமட் காக்கா வெளியே வந்து, "என்ன மஜீட், ஆரு இப்பிடிக் கத்துற?" என்றார்.

"என்ட பொஞ்சாதி. அவக்கு நோகுது காக்கா" என்றேன். "சரியா நோகுது, தாங்க ஏலாத நோவு."

அதற்குமேல் எனக்கே அழுகை வந்துவிட்டது. திரும்பிவிட்டேன்.

இன்று கட்டு அவிழ்க்கும்போது உள்ளே இருப்பேன்.

மஜீட்