எல்லாரும் அட்டையை எடுங்கள்

அன்புள்ள டீச்சரம்மாவுக்கு,

நானும் பாப்பாவும் நலம் என்று எழுதித்தான் தொடங்க வேண்டும். உடம்பைப் பொறுத்தவரை அது உண்மைதான். அத்தை வாக்கரைப் பிடித்துக்கொண்டு குளியலறை வரை தானே நடந்துவிட்டார்கள் என்று நீ சொன்னதிலிருந்து எனக்குப் பெரிய நிம்மதி. இடுப்பு எலும்பு கூடிவிட்டது என்று டாக்டர் சொன்னாலும் படி ஏறவிடாதே. அவர்கள் பிடிவாதம் உனக்குத் தெரியும். அதில் பாதி உனக்கும் வந்திருக்கிறது என்பது எனக்குத் தெரியும்.

தினமும் பேசிக்கொண்டுதானே இருக்கிறோம், இப்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நீ என் முகத்தைப் பார்த்துவிடுகிறாய். "என்னங்க, ஒரு மாதிரி இருக்கீங்க?" என்று கேட்கிறாய். நான் தூக்கம் சரியில்லை என்கிறேன். மூன்று வாரமாக அந்த ஒரே பொய்யைச் சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது. டிப்போ மெக்கானிக் நாளை ஊருக்குக் கிளம்புகிறார். அவர் கையில் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். முழுவதும் படித்துவிட்டுத் திட்டு. பாதியில் போனை எடுக்காதே.

நீ ஊருக்குப் போன பிறகு இங்கே அடையாளச் சோதனை அதிகமாகிவிட்டது. திருட்டுத்தனமாக வந்தவர்களை என்ன செய்வது என்று தொலைக்காட்சியில் தினமும் நாலு பேர் உட்கார்ந்து கத்துகிறார்கள். மறுநாள் காலையில் அந்த விவாதம் என் பஸ்ஸில் ஏறுகிறது. சீருடையில் இருக்கும்வரை என்னை யாரும் கேட்பதில்லை. வேலை முடிந்து சட்டையை மாற்றிக்கொண்டு தெருவில் இறங்கினால் அடையாள அட்டையைக் காட்டச் சொல்கிறார்கள். ஒரே நாளில் இரண்டு முறை, அதுவும் ஒரே போலீஸ்காரரே கேட்டிருக்கிறார். காலையில் எனக்கு வணக்கம் சொன்னவர் அவர்.

என் ஏழு மணி வண்டியில் ஒரு பெண் வருவாள் என்று உன்னிடம் சொல்லியிருக்கிறேன். ஒருநாள் நான் உன்னோடு போனில் பேசியதைக் கேட்டுவிட்டு, "அண்ணா, நீங்களும் நம்ம ஆளா!" என்று கூவியவள். அன்றிலிருந்து ஏறும்போது "சாப்டீங்களா அண்ணா" என்பாள், இறங்கும்போது "வரேன் அண்ணா" என்பாள். கடைசி நிறுத்தத்துக்குப் பின்னால் உள்ள தெருவில், படுக்கையிலிருக்கும் ஒரு கிழவரைப் பார்த்துக்கொள்ளும் வேலை. அவளிடம் அட்டை இல்லை என்று எனக்குத் தெரியும். அவள் சொல்லவில்லை. போலீஸ் வண்டியைத் தூரத்தில் பார்த்ததும் அவள் கழுத்து மெல்ல உள்ளே போவதைக் கண்ணாடியில் பார்த்திருக்கிறேன்.

மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை, பாலத்து நிறுத்தத்தில் இரண்டு போலீஸ்காரர்கள் கை காட்டி ஏறினார்கள். கதவுகளை மூடி வைக்கச் சொன்னார்கள். மூடினேன். வண்டியில் நாற்பது பேருக்குக் குறையாது. அவர்கள் அட்டை கேட்டது ஒன்பது பேரிடம். அந்த ஒன்பது பேரும் என்ன நிறம் என்று நான் உனக்கு எழுத வேண்டியதில்லை. கோட்டு போட்ட ஒருவர் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார், அவர் தூக்கம் கெடக்கூடாது என்று ஒதுங்கிப் போனார்கள்.

அவள் நடுக்கதவை ஒட்டிய சீட்டில் இருந்தாள். போலீஸ்காரர்கள் முன்பக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்தார்கள். அவள் எழுந்து கதவருகில் நின்று, கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள். அந்தக் கதவின் பொத்தான் என் இடது கைக்குக் கீழேதான் இருக்கிறது. தினமும் எழுநூறு முறை அமுக்குகிற பொத்தான்.

நான் அமுக்கவில்லை.

பயம்தான். நம் குடியுரிமை மனு கடைசி மேசைக்கு வந்திருக்கிறது என்ற பயம். இன்னொன்றும் உண்டு, அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். நாம் இரண்டு பேரும் எத்தனை முறை சொல்லியிருக்கிறோம், "நாம வரிசையில நின்னு முறையா வந்தவங்க, இவங்களால நமக்கும் கெட்ட பேரு" என்று. நீ சொன்னாய், நான் ஆமாம் போட்டேன். அந்த நிமிஷம் அதுதான் என் காதில் ஓடியது. உன்மேல் பழி போடவில்லை. சொன்ன வாயில் என் வாயும் ஒன்று.

அவளை இறக்கிக் கூட்டிப்போனார்கள். அவள் கத்தவில்லை, அழவில்லை. பழக்கதோஷத்தில் "வரேன் அண்ணா" என்றுகூடச் சொல்லிவிடுவாளோ என்று பயந்தேன். சொல்லவில்லை.

கடைசி நிறுத்தத்தில் வண்டியைச் சுற்றிப் பார்த்தபோது சீட்டுக்கு அடியில் அவள் பை கிடந்தது. சாப்பாட்டு டப்பா, மாற்றுச் சட்டை, விலாசம் எழுதிய துணித்துண்டு கட்டிய ஒரு சாவி. ஒரு காகிதம். என்றோ லீவு எடுத்தபோது தனக்குப் பதில் போன யாருக்கோ தமிழில் எழுதியது: "காலை வெள்ளை மாத்திரை பாதி. சாப்பிட்ட பிறகு மஞ்சள். முதுகைத் துடைத்துப் பவுடர் போடணும். திட்டுவார், கண்டுக்காதே."

பையை டிப்போவில் ஒப்படைக்க வேண்டும் என்பது விதி. சாவியைப் பார்த்த பிறகு மனசு கேட்கவில்லை. காலையிலிருந்து அந்த வீட்டுக்கு யாரும் போயிருக்கமாட்டார்களே. மதியம் இரண்டு மணிக்கு வேலை முடிந்ததும் நேராகப் போனேன்.

வீட்டு ஜன்னலில் ஒரு சுவரொட்டி. "நம் ஊர் நமக்கே. திருட்டுக் குடியேறிகள் வெளியே!" அதைப் படித்துவிட்டுத் திரும்பிவிடலாமா என்று நின்றேன். உள்ளேயிருந்து "இவ்வளவு நேரமா?" என்று ஒரு சத்தம். திறந்துகொண்டு போனேன். கிழவர் விடிந்ததிலிருந்து ஈரப் படுக்கையில் கிடந்திருக்கிறார். சாப்பாடு இல்லை, தண்ணீர்கூட எட்டாத தூரத்தில். என்னைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? "யார் நீ? உன் அட்டை எங்க?"

சிரிப்புதான் வந்தது, டீச்சரம்மா. காட்டினேன். மூக்குக்கண்ணாடியைத் தடவி எடுத்துப் போட்டுக்கொண்டு, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, "சரி, தூக்கு" என்றார்.

நீ அத்தையைப் புரட்டித் தூக்குவதைப் போனில் பார்த்திருந்தது கைகொடுத்தது. துடைத்து, விரிப்பு மாற்றி, காகிதத்தில் எழுதியிருந்தபடி மாத்திரை கொடுத்தேன். எழுதியிருந்தபடியே திட்டினார், எழுதியிருந்தபடியே நானும் கண்டுகொள்ளவில்லை. கஞ்சி குடித்து முடித்ததும் விஷயத்தைச் சொன்னேன்.

"தப்பா பிடிச்சிருப்பாங்க. அவ அந்த மாதிரி ஆள் இல்ல" என்றார்.

அட்டை இல்லாதவள் ஐயா, அந்த மாதிரி ஆள்தான் என்றேன். காலிக் கிண்ணத்தை என்னிடம் நீட்டிவிட்டு, "நான் சொன்னது மத்தவங்கள" என்றார்.

பிறகு போலீஸுக்கு போன் போட்டுக் கத்தினார். இந்த இலாகா, அந்த இலாகா என்று மாற்றி மாற்றிக் காத்திருக்க வைத்தார்கள். போனை மார்பில் வைத்துக்கொண்டே தூங்கிப்போனார். அவர் கத்தியது அவளுக்காகவா, நாளைக்குத் தன்னைத் தூக்க ஆள் வேண்டுமே என்றா, எனக்குத் தெரியவில்லை. இரண்டுமாக இருக்கலாம். நகராட்சி அவரை முதியோர் விடுதிக்கு மாற்றும்வரை நான்கு நாள் போனேன். என்றைக்காவது அந்தச் சுவரொட்டியைக் கிழிக்கச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கூடுதல் நேர வேலை என்று அந்த நாலு நாளும் உன்னிடம் சொன்னது பொய், மன்னித்துக்கொள்.

சாவியை மட்டும் எடுத்துக்கொண்டு பையைப் போலீஸ் ஸ்டேஷனில் கொடுத்தேன், உள்ளே என் நம்பரையும், கிழவரை நான் போய்ப் பார்த்துக்கொள்கிறேன் என்றும் எழுதி வைத்து. ஐந்தாம் நாள் அவள் தடுப்பு முகாமிலிருந்து கூப்பிட்டாள். "அண்ணா, தாத்தாவுக்கு மஞ்சள் மாத்திரை சாப்பிட்ட பிறகுதானே குடுத்தீங்க?" என்று முதலில் அதைத்தான் கேட்டாள். நான் கதவைப் பற்றிப் பேச வாயெடுத்தேன். "விடுங்கண்ணா, திறந்திருந்தா மட்டும் இந்த முட்டிவலியோட எங்க ஓடியிருப்பேன்" என்று சிரித்தாள். அவள் திட்டியிருந்தால் எனக்குத் தூக்கம் வந்திருக்கும். போன புதன்கிழமை அவளை விமானத்தில் ஏற்றிவிட்டார்கள். ஒன்பது வருஷத்துக்குப் பிறகு பிள்ளைகளைப் பார்க்கப் போகிறாள். அதைச் சந்தோஷம் என்று எழுத முடியவில்லை.

இனி என் விஷயம். அவளைப் பிடித்த அடுத்த வாரம், திங்கட்கிழமை, அதே பாலம், அதே இரண்டு பேர். "வழக்கமான சோதனை" என்று ஏறினார்கள். நான் எதையும் முன்கூட்டி யோசித்து வைத்திருக்கவில்லை, இதை நீ நம்ப வேண்டும். கைப்பிரேக்கைப் போட்டேன். எஞ்சினை அணைத்தேன். மைக்கை எடுத்தேன்.

"பயணிகளே, அடையாளச் சோதனை. தயவுசெய்து எல்லாரும் அட்டையை எடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். எல்லாரையும் பார்த்து முடித்ததும் வண்டி புறப்படும்" என்றேன். என் அட்டையை முதலில் நீட்டினேன்.

ஒரு அம்மாள், "நாங்களுமா?" என்றாள். கோட்டுக்காரர் அன்று விழித்திருந்தார், பை பையாகத் தேடினார், அவரிடம் அட்டையே இல்லை. "நான் இங்கேயே பிறந்தவன்யா!" என்று போலீஸ்காரரிடம் கத்தினார், அப்புறம் என்னிடம் கத்தினார். போலீஸ்காரர் என்னிடம் வந்து, "உன்ன யாரு சொல்லச் சொன்னா?" என்றார். சோதனை என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்றேன். யாரும் கை தட்டவில்லை. சினிமா மாதிரி ஒன்றும் நடக்கவில்லை. எல்லாருக்கும் வேலைக்கு நேரமாகிக்கொண்டிருந்தது, எல்லாருக்கும் என்மேல்தான் எரிச்சல். பின்னால் மூன்று பஸ்கள் நின்றுவிட்டன.

என்னை இறங்கச் சொல்லி, வண்டியின் பக்கவாட்டில் கை இரண்டையும் வைத்து நிற்கச் சொன்னார்கள். நீட்டிக்கொண்டிருந்த அட்டையை அப்போதுதான் வாங்கினார்கள். அரைமணி நேரம். நான் நின்றுகொண்டிருக்கும்போதே டிப்போவிலிருந்து வேறு ஓட்டுநர் வந்தார். வண்டி கிளம்புகிறது, கையை எடு என்றார்கள். எடுத்தேன். என் வண்டி என்னை விட்டுவிட்டுப் போவதை நடைபாதையில் நின்று பார்த்தேன்.

பாப்பாவோடு படிக்கும் பெண் ஒருத்தி அதில் இருந்திருக்கிறாள். நான் வீட்டுக்கு வருவதற்குள் சேதி வந்துவிட்டது. பாப்பா கதவைத் திறந்ததும், "அப்பா, நம்மகிட்ட பேப்பர்லாம் சரியா இருக்கா?" என்றாள். அலமாரியைத் திறந்து எல்லாவற்றையும் எடுத்துக் காட்டினேன். ஒவ்வொன்றாகப் படித்தாள், உன்னைப் போலவே விரலை வைத்து வைத்து. "அப்ப ஏம்ப்பா?" என்று கேட்டாள். டீச்சர் நீ இருந்திருந்தால் ஏதாவது சொல்லியிருப்பாய்.

டிப்போ மேலாளர் கெட்டவர் இல்லை. "நான் உன் பக்கம்தான், ஆனா எழுத்துல குடுத்துட்டாங்களே" என்றார். போலீஸ் பணிக்கு இடையூறு என்று புகார். ஒரு மன்னிப்புக் கடிதத்தை அவரே அடித்துக் கொடுத்தார், இரண்டே வரி. "தேவையில்லாமல் எல்லாப் பயணிகளையும் அட்டை காட்டச் சொன்னதற்கு வருந்துகிறேன்." கையெழுத்துப் போட்டால் எல்லாம் பழையபடி. இல்லையென்றால் விசாரணை, அது முடியும்வரை நம் குடியுரிமை மனு நிறுத்திவைப்பு.

மூன்று நாள் அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வீரம் எல்லாம் இல்லை. பேனாவை எடுத்தேன், அந்த 'தேவையில்லாமல்' என்ற வார்த்தையைத் தாண்ட முடியவில்லை. வெள்ளிக்கிழமை மேலாளரிடம் போய், அந்த ஒரு வார்த்தையை எடுத்துவிடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன் என்றேன். "அந்த வார்த்தைக்குத்தான்யா அந்தக் காகிதமே" என்றார். திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

இப்போது என்னை வண்டி கழுவுகிற இடத்தில் போட்டிருக்கிறார்கள். விசாரணை அடுத்த மாதம் பதினெட்டாம் தேதி. மனுவில் உன் பெயரும் பாப்பா பெயரும் என் பெயருக்குக் கீழேதான் இருக்கின்றன. பதினொரு வருஷம் என்னோடு வரிசையில் நின்றவள் நீ. உன்னை ஒரு வார்த்தை கேட்காமல் செய்துவிட்டேன். போனில் சொல்ல முடியாமல் போனது இதைத்தான்.

நீ இங்கே திரும்பி வருவதற்கான அனுமதி அடுத்த மாதக் கடைசி வரைதான் செல்லும். அதற்கு முன்னால் வந்துவிட வேண்டும். காகிதங்களைப் பெட்டியில் வைக்காதே, கைப்பையில் வை. விமான நிலையத்தில் ஒரே கேள்வியை மூன்று முறை கேட்பார்கள். மூன்று முறையும் ஒரே பதில் சொல். கோபப்படாதே, அவர்கள் எழுத்துப் பிழையைத் திருத்தாதே. பஸ் வேண்டாம், ரயில் வேண்டாம். எவ்வளவு நேரமானாலும் நானும் பாப்பாவும் வெளியே நிற்கிறோம்.

அத்தையிடம் இதையெல்லாம் சொல்லாதே. மாப்பிள்ளை சௌக்கியம் என்று சொல்.

என்மேல் கோபம் இருந்தால் அதைத் தணித்துவிட்டுத்தான் வர வேண்டும் என்றில்லை. கோபத்தோடேயே வா. வந்து பேசாமல்கூட இரு. ஆனால் வந்துவிடு.

உன் முகம் பார்க்கக் காத்திருக்கும்,
பாப்பாவின் அப்பா