அம்மா கையெழுத்து வைத்த கடதாசி

கோபத்திலும் முதலில் வாயில் வருகிற என் அம்மாவுக்கு,

நீங்கள் போய் ஒரு வருடம் ஆகப் போகிறது. இந்தக் கடிதத்தைப் போனுக்குச் சொல்லிச் சொல்லித்தான் எழுதுவிக்கிறேன். பிழை இருந்தால் அடிக்க இப்போது நீங்கள் இல்லை.

பாரிஸுக்குப் பக்கத்தில், ஒபர்வில்லியே வீட்டில் உங்கள் அலுமாரியை ஒழித்தது நான்தான். சேலைகளை அக்கா எடுத்தாள். நீங்கள் கட்டுக் கட்டாகச் சேர்த்து வைத்திருந்த பேப்பர்கள் எனக்கு வந்தன. வாசிக்கத் தெரியாதவள் என்று பெயர் எடுத்த எனக்கு!

அதற்குள் என் பழைய பள்ளிக்கூடக் கடிதம் ஒன்று இருந்தது. அடிமட்டத்தை வரிக்குக் கீழே வைத்து, ஒவ்வொரு சொல்லாக, ஒரு முழுப் பின்னேரம் வாசித்தேன். பிள்ளை கெட்டிக்காரி, எழுத்துகள்தான் அவளுக்குப் பிடிபடுவதில்லை, இது சோம்பல் இல்லை என்று எழுதியிருந்தார்கள். வாசிக்கப் பழக்க ஒருவரையும், வகுப்பில் பக்கத்தில் இருக்க ஒருவரையும் தருவதாகவும் இருந்தது. அதற்குக் கீழே, 'தாய் மறுக்கிறார்.' அதற்கும் கீழே உங்கள் கையெழுத்து.

உங்களுக்குப் பிரெஞ்சு தெரியாது. அன்று பள்ளிக்கூடக் கூட்டத்துக்கு மொழிபெயர்க்க வந்தவர் சபா அண்ணை. எங்கள் தமிழ்க் கடைத்தெரு லா சப்பலில் யாருக்கு என்ன பேப்பர் வேலை என்றாலும் கூட வருகிற பெரிய மனிதர். என்னை வெளியே இருத்திவிட்டு உள்ளே பேசினீர்கள். திரும்பும்போது மெத்ரோவில் என் முகத்தையே பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்ததும், "சோம்பலாம், கண்டிச்சு வளர்க்கட்டாம். அந்த மனுசனுக்கு முன்னால என்ர மானத்தை வாங்கிப் போட்டாய்" என்று அகப்பைக் காம்பை எடுத்தீர்கள். நான் படிப்பை விடும்வரை அந்த அடி நிற்கவில்லை.

ஒரு தரமாவது என்னிடம் கேட்டிருக்கக் கூடாதா அம்மா?

கடிதத்தை வாசித்து அழுதேன்தான். ஆனால் அழுததைவிடக் கறுவிக்கொண்டு திரிந்ததுதான் அதிகம்.

இப்போது எனக்கு ஸ்டாலின்கிராட் மெத்ரோ நிலையத்துப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை. படிக்கச் சிரமப்படும் பிள்ளைக்குப் பக்கத்தில் இருக்கிற வேலை. கேள்வியை முதல் நாளே வீட்டில் திரும்பத் திரும்பப் பழகிக்கொண்டுபோய் வாசித்துக் காட்டுவேன். பெரிய எழுத்தில் பிரதி எடுத்துக் கொடுப்பேன். மற்றவர்கள் முடித்த பிறகும் கொஞ்ச நேரம் கேட்டு வாங்கிக் கொடுப்பேன். இவ்வளவுதான் அம்மா எனக்கும் தேவைப்பட்டது.

நான் இருக்கிற வகுப்பில் தாரணி என்று ஒரு எட்டு வயதுக்காரி இருக்கிறாள். அச்சாக என்னைப் போல. உதவி கிடைக்கத் தாய் டொசியே என்கிற விண்ணப்பக் கோப்பில் கையெழுத்து வைக்க வேண்டும். தாய் வன்னியிலிருந்து வந்து அதிக காலமில்லை. போன மாதம் அதற்காகக் கூட்டம் வைத்தார்கள். ரீச்சர் என்னையும் இருக்கச் சொன்னார். தாயோடு மொழிபெயர்க்க வந்தது யார் என்று நினைக்கிறீர்கள்? சபா அண்ணையேதான்.

அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. நான் வாய் திறக்காமல் இருந்தேன். முழுதாக மாட்டட்டும் என்று வேண்டுமென்றேதான் இருந்தேன். பாவமென்றால் பாவமாகவே இருக்கட்டும்.

ரீச்சர் பொறுமையாக எல்லாம் சொல்லி முடித்தார். சபா அண்ணை தாயின் பக்கம் திரும்பினார். "தங்கச்சி, பிள்ளைக்குக் கவனம் காணாதாம். வீட்டில கொஞ்சம் இறுக்கிப் பிடிக்கட்டாம். வேற ஒண்டுமில்லை."

"பொய்," என்றேன் தமிழில். "அக்கா, ரீச்சர் அப்பிடிச் சொல்லேல்லை. பிள்ளை கெட்டிக்காரியாம். வாசிக்கப் பழக்க ஆள் தருவினமாம். நீங்கள் ஓம் எண்டால் காணும்."

பிறகு அவர் எதையெல்லாம் விழுங்கினார் என்று ரீச்சருக்குப் பிரெஞ்சில் சொன்னேன். சபா அண்ணையின் முகம் கறுத்துவிட்டது.

"பிள்ளை, உமக்கு விளங்காது. அந்த டொசியேயில ஊனம் எண்டு கிடக்கு. நாளைக்குப் பெட்டையை ஆர் கட்டுவான்? எங்கட சனத்தின்ர மானத்தைத்தான் நான் பாக்கிறன்."

"என்ர பேப்பரில ஊனம் எண்டு ஒண்டுமே விழேல்லை அண்ணை. என்னையும் ஒருத்தரும் கட்டேல்லை. ஆளைத் தெரியேல்லையோ? நான் பரமேசின்ர மகள்."

அவர் தலை குனிந்தார். அதைப் பார்க்க எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? தாரணியின் தாய் பேனையை எடுத்து, "எங்கை வைக்கிறது தங்கச்சி?" என்று என்னைக் கேட்டா. "முதல் நான் வாசிச்சுச் சொல்லுறன் அக்கா. பிறகு வையுங்கோ" என்றேன்.

அதோடு விட்டேனா? லா சப்பலில் ரூ காய் தெருவில் மரக்கறிக் கடை, சேலைக் கடை, ஒன்று விடாமல் ஏறி அவர் செய்ததைச் சொன்னேன். அக்கா சண்டைக்கு வந்தாள். "வயசுபோன மனுசன். அம்மா இருந்தா இப்பிடிச் செய்ய விட்டிருப்பாவோ?"

விட்டிருக்க மாட்டீர்கள். அவரைக் கூப்பிட்டு இருத்தித் தேத்தண்ணீர் கொடுத்திருப்பீர்கள். அதுதான் எனக்கு உங்கள் மேலும் ஆறவில்லை. பொய் சொன்னது அவர், நம்பி அடித்தது நீங்கள். ஆனால் விளங்காத அந்தக் கடிதத்தை ஏன் அம்மா இத்தனை வருடம் எறியாமல் வைத்திருந்தீர்கள்? உள்ளுக்குள் ஏதும் சந்தேகம் இருந்ததா?

வருகிற வியாழன் மத்தியானம் அக்கா வீட்டில் உங்கள் ஆண்டுத் திவசம். அதே நேரம் வேறொரு பள்ளிக்கூடத்தில் வேறொரு தாய்க்குக் கூட்டம். சபா அண்ணையை நம்பும் சனம் இன்னும் இருக்கிறது. அவர்தான் கூடப் போகிறாராம். தாரணியின் தாய் சொல்லி, அந்தத் தாய் என்னையும் வரச் சொல்லியிருக்கிறா.

நான் திவசத்துக்கு வர மாட்டேன் அம்மா. இந்த வருடம் உங்களுக்கு என் கையால் சோறு இல்லை. அந்தத் தாய்க்குப் பக்கத்துக் கதிரையில் இருப்பேன். சபா அண்ணை எந்தப் பள்ளிக்கூடக் கதவைத் திறந்தாலும் எனக்கு முன்னால்தான் வந்து உட்கார வேண்டும். இது உங்கள் மேல் சத்தியம்.

அடித்த கையையே இன்னும் தேடுகிற,
உங்கள் இளைய மகள்
சுகந்தி