நாக்பூருக்குப் போன ஒற்றைப் படம்

8.10.1999, வெள்ளி

உறுதியான செய்தி: நாக்பூரில் உள்ள ஆதரவற்றோர் இல்லம் ஒன்றில், முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் ஏழு வருடமாக இருக்கிறார். தலையில் அடிபட்டு ரயில் நிலையத்தில் கிடந்தவர். பெயர் சொல்லத் தெரியவில்லை. "எப்போதும் வென்றான்" என்று மட்டும் சொல்கிறார்.

ஆதாரம்: போன மாதம் அங்கே மாற்றலாகிப் போன சிஸ்டர் பிரிஸ்கில்லா, பத்திரிகையின் கோவில்பட்டி நிருபர் என்று முகவரி போட்டு எனக்கு எழுதிய கடிதம். இத்தனை வருடமும் அங்கிருந்தவர்கள் அதை ஏதோ ஜெபம் என்று நினைத்திருக்கிறார்கள். சிஸ்டர் தூத்துக்குடிக்காரர். பஸ் போர்டில் படித்த ஊர்ப்பெயர் என்று அவருக்குத்தான் பிடிபட்டது.

9.10.1999

எப்போதும்வென்றான் போனேன். விசாரித்த நாலாவது வீடு வேலுத்தாயுடையது. மகன் கொம்பையா 1992-இல் போர்வெல் லாரியோடு வடக்கே போனவன். தகவலே இல்லை. யாரோ சொன்னார்கள் என்று இரண்டு முறை வெளியூர் போய், வேறு யாரையோ பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறார் இந்த அம்மாள்.

"இன்னொரு தடவ ஏமாற உடம்புல தெம்பில்ல அண்ணாச்சி. அவந்தானான்னு மொதல்ல கேட்டுச் சொல்லுங்க."

இல்லத்து ஆளுக்கு முகமெல்லாம் தழும்பு. மற்றவர்கள் பார்த்து அடையாளம் சொல்ல முடியாது. படத்தைக் காட்டி, அவரே ஏதாவது சொன்னால்தான் உண்டு. வேலுத்தாயிடம் இருப்பது ஒரே படம். போஸ்ட் கார்டு அளவு. சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். எடுத்த கடம்பூர் ஸ்டுடியோவை மூடிவிட்டார்கள், நெகட்டிவ் இல்லை.

13.10.1999

ஸ்டுடியோ ஆண்ட்ரூஸ் அதைப் படம் பிடித்து ஒரு நகல் போட்டுத் தந்தார். சற்று மங்கல்தான். கவரை நானே கட்டினேன். இந்த ஊரில் அட்டைக்கா பஞ்சம்? தீப்பெட்டி ஆபீசில் லேபிள் அடித்த அட்டை இரண்டு வாங்கி, நடுவில் வைத்து, பதிவுத் தபாலில் அனுப்பியாயிற்று.

25.10.1999, திங்கள்

சிஸ்டரின் பதில். கவர் மடங்கவில்லை. ஆனால் கொம்பையாவின் முகத்திலும் சைக்கிளிலும் சிவப்பாக ஒரு சேவல் நிற்கிறதாம்.

சேவல் படம் போட்ட தீப்பெட்டி லேபிளின் மை. மழைக்கால ஈரத்தில் காய்ந்திருக்கவில்லை; அடித்த பக்கத்தை உள்பக்கமாக வைத்தது நான். என் தப்பு, வேறு யாருடையதும் இல்லை.

அந்த ஆள் வெகுநேரம் பார்த்துவிட்டு "சேவல்" என்றாராம். அங்கே அவர் பேசிய இரண்டாவது சொல்.

ஆண்ட்ரூஸிடம் சொன்னேன். "முப்பது வருசமா ஊர்ல உள்ள தப்பையெல்லாம் எழுதுதீங்க அண்ணாச்சி. இத எந்தப் பக்கத்துல போடப் போறீங்க?" என்றார். சிரிக்க முடியவில்லை. இன்னொரு நகல் போட்டாலும் இதே மங்கல்தான் வரும் என்கிறார். அசலைத்தான் அனுப்ப வேண்டும்.

எப்படிப் போய்க் கேட்பது?

27.10.1999

கேட்டேன். சேவல் விஷயத்தையும் மறைக்கவில்லை. வேலுத்தாய் உள்ளே போய்ப் படத்தை எடுத்து வந்தார். முந்தானையால் அதைத் துடைக்கப் போனவரைத் தடுத்தேன் — கீறிவிடும்.

"இது போயிட்டா எனக்கு அவன் மொகமே மறந்துபோயிரும். பாத்து அனுப்புங்க" என்று கொடுத்தார்.

28.10.1999

காலை முழுவதும் இதே வேலை. ஆண்ட்ரூஸ் கடையில் அச்சில்லாத வெள்ளை அட்டை, படத்தைவிட எல்லாப் பக்கமும் ஓர் அங்குலம் பெரிதாக இரண்டு. படத்தின் முகத்தின் மேல் பட்டர் பேப்பர். பசையோ டேப்போ படத்தில் படவில்லை. காகிதத்தில் முக்கோணம் மடித்து நாலு மூலையையும் அதற்குள் செருகினார். மழைக்கு பாலிதீன். அட்டைகளை ஓரத்தில் மட்டும் ஒட்டினோம். பின் அடிக்க ஸ்டேப்ளரை எடுத்தேன், பிடுங்கி வைத்துக்கொண்டார். முகவரியைக் கவர் காலியாக இருக்கும்போதே எழுதிவிட்டேன். உள்ளே வைத்த பிறகு எழுதினால் பேனா அழுத்தம் படத்தில் பதியுமாம். இத்தனை வருடம் அலுவலகத்துக்குப் படம் அனுப்பியவன், இது தெரியாது.

தபால் அலுவலகக் கவுண்டரில் இருந்த பரமசிவன் கவரைத் தட்டிப் பார்த்து, "தீபாவளி நேரம். உள்ள மத்தாப்பு இல்லையே?" என்றார். விஷயத்தைச் சொன்னேன். தபால் தலையை ஓரத்தில் ஒட்டச் சொல்லி, படம் இல்லாத இடமாகப் பார்த்து மெதுவாக முத்திரை வைத்தார். ஒப்புகை அட்டையும் சேர்த்தாயிற்று.

30.10.1999

மழை.

2.11.1999

நல்ல மழை. ரசீது பர்ஸில் இருக்கிறது. பாலிதீன் வாயை நன்றாக மடித்தோமா? மடித்தோம். மடித்தோம் என்றுதான் நினைக்கிறேன்.

6.11.1999

நாளை தீபாவளி. ஒப்புகை அட்டை வந்தது, பிரிஸ்கில்லா கையெழுத்துடன். கவர் சேர்ந்தது உறுதி. படம் எப்படிச் சேர்ந்தது என்று அட்டை சொல்லாது.

12.11.1999, வெள்ளி

கடிதம். மூன்று முறை படித்தேன்.

படத்தில் ஒரு கீறல் இல்லை. அந்த ஆள் முகத்தைப் பார்க்கவே இல்லையாம். சைக்கிளின் மேல் விரலை வைத்து, "அம்ம வாங்கித் தந்தது. பெல்லு அடிக்காது" என்றாராம்.

உடனே பஸ் ஏறினேன். நான் வாசித்து முடிக்கும்வரை வேலுத்தாய் நின்றுகொண்டே இருந்தார். "பெல்லு அடிக்காதுன்னா சொன்னான்?" என்று இரண்டு தடவை கேட்டார். பிறகு உட்கார்ந்தார்.

17.11.1999

எஸ்.டி.டி. பூத்திலிருந்து சிஸ்டரிடம் பேசினேன். விடுமுறைக்கு ஊர் வருகிறார். கொம்பையாவையும் கூட்டி வருகிறார். இல்லம் சம்மதித்துவிட்டது. அசலைத் தனியாகத் தபாலில் அனுப்பட்டுமா, அட்டை வைத்துக் கட்டவா என்று கேட்டார். அவன் அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு தர மறுக்கிறானாம்.

மாலை வேலுத்தாயிடம், பையிலேயே இருந்தால் படம் மடங்கிவிடுமே என்று கேட்டேன். "மடங்கட்டும் அண்ணாச்சி" என்றார்.

பாக்கி: கொம்பையா. 21-ஆம் தேதி, ஞாயிறு காலை ரயிலில், கோவில்பட்டி.