புதன்கிழமைப் பாடம்

சேர்,

உங்கள் பாடக்குறிப்புப் புத்தகத்தை இன்று காலை அதிபரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். மூன்று கிழமை என் பைக்குள் கிடந்தது. புத்தகம் போயும் தைல வாசம் போகவில்லை. எழுதி எழுதி மணிக்கட்டு வலிக்கிறது என்று ஆசிரியர் அறையில் உட்கார்ந்து தேய்த்துக்கொள்வீர்களே, அதே தைலம். மத்தியானம் ரொட்டிப் பொதியைப் பிரித்தால் ரொட்டியிலும் நீங்கள்தான் மணக்கிறீர்கள். சாப்பிடாமல் மூடி வைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன். மேலே ‘அன்புள்ள’ என்று போடவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். மற்றவர்கள் விட்ட பிழை ஒருநாளும் உங்கள் கண்ணுக்குத் தப்பியதில்லை.

நீங்கள் போய் இரண்டரை மாதம் ஆகிறது. உங்கள் சாவு வீட்டில் பேசாத ஆளில்லை. ஸ்பிரிங்வெளியிலிருந்து லுணுகலை வரை எல்லாத் தேயிலைத் தோட்டப் பாடசாலையிலிருந்தும் வந்து, நேர்மையான ஆசிரியர், மனசாட்சியுள்ள ஆசிரியர் என்று மாறி மாறிச் சொன்னார்கள். நானும் அழுதேன். அந்த அழுகையைத் திருப்பி வாங்க முடிந்தால் வாங்கியிருப்பேன்.

கருமாதி முடிந்து ஒரு மாதம் போல, அதிபர் என்னைக் கூப்பிட்டு உங்கள் போன வருடத்துப் புத்தகத்தைக் கையில் கொடுத்தார். “டீச்சர், சேரோட நெனவா வாற மாசச் சனிக்கிழம ஆசிரியர் வட்டத்த மறுபடி கூட்டுங்க. நீங்கதானே அவரோட சேந்து ஆரம்பிச்சீங்க. இதுல நல்ல பக்கமா ஒண்ணப் பாத்து வாசிங்க. போட்டோகொப்பி எடுத்து எல்லாருக்கும் குடுப்போம். இவரு மாதிரி சுயமதிப்பீடு எழுத இனி யாரு இருக்கா?” என்றார்.

வட்டத்தை நாம் ஆரம்பித்த நாளை நினைத்துக்கொண்டே புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோனேன். முதல் சனிக்கிழமை எட்டுப் பேர்தான் வந்தோம். இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் குட்டி நாற்காலிகளில், முழங்கால் தாடையில் இடிக்க உட்கார்ந்தோம். “வெற்றிய எல்லாம் வீட்ல வச்சிட்டு வாங்க. பிழைச்சத மட்டும் கொண்டு வாங்க” என்றீர்கள். ஆளுக்கு ஒரு பக்கம். அதில் மூன்று கேள்விக்குப் பதில் இருக்க வேண்டும்: நான் என்ன செய்தேன், எங்கே பிழைத்தது, பிள்ளைக்கு என்ன ஆனது. கேட்பவர்கள் புத்தி சொல்லக் கூடாது, பாராட்டவும் கூடாது. நாலுபேர் முன்னால் தன் பிழையைத் தானே வாசிப்பதா என்று எல்லோரும் மிரண்டு போய்ப் பார்த்தபோது நீங்களே முதலில் எழுந்தீர்கள்.

வகுப்பில் தூங்கிய ஒரு பிள்ளையை அறைந்ததை வாசித்தீர்கள். அவள் குடியிருக்கும் லயத்தில் தண்ணீர்க் குழாய் உடைந்து, விடியற்காலையிலிருந்து ஆற்றில் தண்ணீர் சுமந்துவிட்டு வந்தவள் என்பது பிறகுதான் உங்களுக்குத் தெரிந்தது. மூன்றாம் கேள்விக்கு வந்ததும் உங்கள் குரல் உடைந்தது. “அவ இப்ப என்னயப் பாத்தா கன்னத்தத் தொட்டுக்கிறா” என்றீர்கள். பதினேழு வருட வேலையில் ஓர் ஆசிரியர் அப்படிப் பேசி நான் கேட்டது அதுவே முதல் முறை. அன்றைக்கு உங்கள் மேல் வைத்த மரியாதைதான் இன்றைக்கு என்னை இப்படிக் கொதிக்க வைக்கிறது. உங்களுக்குத் தெரியாமல் செய்திருந்தால் மன்னித்திருப்பேன். எது சரியென்று எல்லோருக்கும் செய்து காட்டியவரே நீங்கள்தான்.

பிறகு கைபேசிக்குள் ஏ.ஐ. வந்தது. கேட்டால் பாடத்திட்டம் தருகிறது, கணக்குத் தருகிறது, கதை தருகிறது என்று வட்டத்தில் ஆளுக்கு ஆள் காட்டிக்கொண்டார்கள். உங்களுக்கு அது பிடிக்கவில்லை. “மெசின்ட்ட மூளைய அடகு வச்சவன் வாத்தியார் இல்ல” என்பீர்கள். வட்டத்தில் பாதிப் பேர் அதைப் பாவிப்பதை மறைக்கத் தொடங்கினார்கள். பிழையைச் சொல்வதற்காகக் கூடிய இடத்தில் ஒளித்து வைக்க ஒன்று வந்தது அப்படித்தான்.

ஒளிக்காதவர் ரிசானா டீச்சர் ஒருவர்தான். பதுளை டவுனில் துணிக்கடை வைத்திருப்பவரின் மகள், லுணுகலைப் பக்கத் தோட்டப் பாடசாலைக்கு வந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. மார்கழிச் சனிக்கிழமை அவர் கொண்டுவந்த பக்கம் எனக்கு வரிக்கு வரி நினைவிருக்கிறது. நான்காம் வகுப்புக்குத் தோட்டத்து வேலையை வைத்துப் பெருக்கல் கணக்கு வேண்டுமென்று கைபேசியிடம் கேட்டிருக்கிறார். ஒரு பெண் ஒரு மணித்தியாலத்தில் பன்னிரண்டு கிலோ கொழுந்து பறித்தால் எட்டு மணித்தியாலத்தில் எத்தனை கிலோ என்று அது தந்தது. தொண்ணூற்றாறு. பெருக்கல் சரி. ஆனால் நம் மலையில் எந்தக் கை ஒரு நாளில் தொண்ணூற்றாறு கிலோ பறிக்கும்? நல்ல கொழுந்துக் காலத்திலும் இருபதைத் தாண்டக் குறுக்கெலும்பு முறிய வேண்டும். ரிசானா டீச்சருக்கு அது தெரியாது. தெரிந்தவர்களிடம் கேட்கவுமில்லை. வகுப்பில் இருந்த ஒரு சிறுமி வீட்டுக்குப் போய், “டீச்சர் கணக்குல தொண்ணூத்தாறு கிலோ. நீ மட்டும் ஏன்மா பதினாறோட வாற? சோம்பேறியா நீ?” என்று அம்மாவைக் கேட்டிருக்கிறாள். மறுநாள் காலை அந்த அம்மா, மலைக்குப் போகிற வழியில் முதுகில் கூடையோடு வகுப்பு வாசலில் வந்து நின்றாராம். சண்டை போடவில்லை. “எங்க டீச்சர் அந்த மல?” என்று மட்டும் கேட்டாராம்.

ரிசானா டீச்சர் இரண்டாம் கேள்விவரை வாசித்துவிட்டார். “கேக்காம குடுத்தது என்ட பிழை” என்றார். மூன்றாம் கேள்விக்குப் போக நீங்கள் விட வேண்டுமே.

“டவுன்ல சீத்தைத் துணி கிழிக்கிற வீட்டுப் புள்ளைக்குக் கொழுந்து நிறுக்க எங்க தெரியப் போகுது?” என்றீர்கள்.

நாங்கள் சிரித்தோம். நாங்கள் என்றால், நானும். பல் தெரியச் சிரித்தேன். உங்கள் நக்கலுக்குச் சிரித்துப் பழகிய வாய் சேர் அது, யோசிக்கக்கூட நேரம் எடுக்கவில்லை. ரிசானா டீச்சர் தாளை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்தார், தேத்தண்ணீர் வரும்வரை இருந்தார், குடித்த கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் போனார். திரும்பி வரவேயில்லை. தை மாதம் நீங்களும் போய்விட்டீர்கள். வட்டம் அதோடு நின்றது.

சரி, நல்ல பக்கம் தேடினேன். முத்து முத்தான எழுத்து, சிவப்புப் பேனையால் அடிமட்டம் வைத்துக் கோடு. அந்த மார்கழிச் சனிக்கிழமைக்கு முந்திய நாட்களைப் புரட்டினேன். புதன்கிழமை, தரம் ஐந்து, தமிழ். சுயமதிப்பீட்டுப் பெட்டியில் இப்படி எழுதியிருந்தீர்கள்: ‘மாணவர்கள் ஆர்வத்துடனும் உற்சாகத்துடனும் பங்குபற்றினர். மெல்லக் கற்கும் மாணவர்களும் குழுச் செயற்பாட்டில் முன்னேற்றம் காட்டினர். நீங்கள் விரும்பினால் இதனை இன்னும் சுருக்கமாகவோ அட்டவணை வடிவிலோ தயாரித்துத் தருகிறேன்.’

மூன்று தரம் வாசித்தேன். கடைசி வரிக்கும் சேர்த்துச் சிவப்புக் கோடு இழுத்திருந்தீர்கள். கீழே அதிபரின் கையொப்பம்: ‘பார்த்தேன். மிக நன்று.’

முதலில் சிரிப்புத்தான் வந்தது. பாடக்குறிப்பைக் கையால்தான் எழுத வேண்டும் என்ற விதி, கைபேசியில் மெசின் தந்ததைப் பார்த்து அப்படியே கொப்பி பண்ண வைத்திருக்கிறது. மணிக்கட்டு வலி எங்கிருந்து வந்தது என்று இப்போதுதான் தெரிகிறது. மெசின் உங்களிடம் ஒன்று கேட்டிருக்கிறது சேர். வேண்டுமா, வேண்டாமா என்று. அதற்குப் பதில் சொல்லாமல் அதையும் எழுதி வைத்திருக்கிறீர்கள். அதன் மேல் எனக்குக் கோபமில்லை. நீங்கள் கேட்டதைத்தான் அது தந்தது.

பிறகுதான் அந்தப் புதன்கிழமை நினைவுக்கு வந்து சிரிப்பு நின்றது. அன்று விடிய விடிய மழை. மண்சரிவு எச்சரிக்கை என்று காலை எட்டு மணிக்கே பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பினோம். நீங்களும் நானும்தான் குடை பிடித்துக்கொண்டு கடைசி லயம்வரை கொண்டுபோய் விட்டோம். அன்று எந்த வகுப்பும் நடக்கவில்லை. வீட்டுக்குப் போன பிள்ளைகள் நடக்காத பாடத்தில் உற்சாகமாகப் பங்குபற்றியிருக்கிறார்கள். இதை எழுதிய மை காய்வதற்குள் சனிக்கிழமை வந்து, நடந்த பிழையை நடந்தபடி சொன்ன ஒருத்தியை நாலுபேர் முன்னால் கிழித்தீர்கள். உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் பதுளைக்குப் போனேன். கடைக்குப் பின்னால்தான் வீடு. ரிசானா டீச்சர் பிளேன்டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, புத்தகத்தை வாங்கி வாசித்தார். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

“இத வட்டத்துல வாசிக்கப் போறீங்களா டீச்சர்?”

“வாசிக்கத்தான் போறேன். ஒங்களுக்கு நடந்ததுக்கு அந்த மனுசனும் ஒருக்கா கிழிபடட்டும்.”

“மவுத்தானவர் எப்படிக் கிழிபடுவார்? அவர்ட பக்கத்த வாசிச்சா அன்டைக்கு நீங்க சிரிச்சதையும் வாசிங்க. எனக்கு அவர் சொன்னது மறந்துட்டு. நீங்க சிரிச்சது மறக்கல்ல. மத்தவங்கட மூஞ்சயப் பார்க்க முந்தி உங்கட மூஞ்சத்தான் பார்த்தேன்.”

உங்களைக் கொண்டுபோய் அவர் முன்னால் நிறுத்தப் போனேன். நின்றது நான்.

கிளம்பும்போது அவர் ஒரு பயிற்சிக் கொப்பியைக் காட்டினார். வட்டத்தை விட்டாலும் வேலையை விடவில்லை. கைபேசி தந்தது ஒரு பக்கம், அவர் மாற்றியது எதிர்ப்பக்கம், மாற்றுமுன் யாரிடம் கேட்டார் என்பது அடியில். கங்காணி, கொழுந்து நிறுக்கிறவர், பிள்ளைக் காம்பிராவில் குழந்தைகளைப் பார்க்கும் ஆயா என்று பெயர்கள். நீங்களும் நானும் வட்டம் என்று பெயர் வைத்துக்கொண்டு செய்யாததை அவர் தனியாகச் செய்துகொண்டிருந்தார்.

போன சனிக்கிழமை பதினொரு பேர் வந்தார்கள். உங்கள் படத்துக்கு மாலை போட்டிருந்தார்கள். நான் உங்கள் புதன்கிழமையை வாசித்தேன். ஒருவர் எழுந்து, “செத்த மனுசனப் போயி இப்பிடிப் பேசலாமா டீச்சர்?” என்று கத்தினார். “இருங்க, இன்னொரு பக்கம் இருக்கு” என்று சொல்லிவிட்டு என்னுடையதை வாசித்தேன். நான் என்ன செய்தேன்: சிரித்தேன். எங்கே பிழைத்தது: ஒருவர் உண்மை சொன்ன இடத்தில் சிரித்தேன். பிள்ளைக்கு என்ன ஆனது: தெரியாது, அன்று நாங்கள் யாரும் கேட்கவில்லை.

கத்தியவர் உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து அவரே, “அந்தப் புள்ளைக்கு என்னாச்சு டீச்சர்?” என்று கேட்டார். நான்கு மாதம் பிந்திய கேள்வி. ரிசானா டீச்சருக்குப் போன் போட்டு, சத்தத்தைக் கூட்டி மேசை நடுவில் வைத்தேன்.

அவர் சொன்னார். அந்தச் சிறுமி ஒரு கிழமை அம்மாவோடு பேசவில்லையாம். அடுத்த திங்கட்கிழமை இவர் வகுப்பில் நின்று, “டீச்சர் தந்த கணக்குப் பிழை. கேக்காம தந்துட்டேன். உங்கட அம்மா எத்தன கிலோ பறிச்சாங்கன்டு கேட்டு வாங்க, அதுல கணக்குச் செய்வோம்” என்றாராம். சிறுமி பின்னேரம் நிறுவை நடக்கும் இடத்துக்கே போய் நின்று தராசைப் பார்த்துவிட்டு வந்து, பதினேழு என்று எழுதி, பக்கத்தில் ‘மழை’ என்றும் எழுதினாளாம்.

ஒருவரும் பாராட்டவில்லை. விதி அதுதானே. “மறுபடி வட்டத்துக்கு வாங்க டீச்சர்” என்று யாரோ கூப்பிட்டார்கள். அவர், “அன்டைக்குச் சிரிச்சவங்க எத்தன பேர் அங்க ஈக்கீங்க?” என்று கேட்டார். போனில் அவர் பார்க்க முடியாது என்று தெரிந்தும் ஒவ்வொருவராகக் கையைத் தூக்கினார்கள். எண்ணினேன். “எட்டுப் பேர் டீச்சர், என்னோட சேத்து” என்றேன். “சரி, யோசிச்சுச் சொல்றேன்” என்று வைத்துவிட்டார்.

உங்களையும் சேர்த்தால் ஒன்பது. இருந்திருந்தால் நீங்கள் கையைத் தூக்கியிருப்பீர்களா என்று அன்று முழுக்க யோசித்தேன். முதல் சனிக்கிழமை குரல் உடைந்த மனிதர் தூக்கியிருப்பார். கடைசியில் எங்களோடு இருந்தவரைப் பற்றி எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. கை வலித்ததென்றால், களைத்துப் போனீர்களென்றால், அதையே ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வந்திருக்கலாமே. அதற்குத்தானே அந்தக் குட்டி நாற்காலிகளைப் போட்டோம்!

இன்றும் புதன்கிழமை. கைபேசியிடம் வாங்கிய வாசிப்புப் பகுதி ஒன்றை வகுப்பில் கொடுத்தேன். நானே இரண்டு இடம் திருத்தியும் பாதிப் பிள்ளைகளுக்கு விளங்கவில்லை. சுயமதிப்பீட்டுப் பெட்டியில், ‘இன்று பாடம் சரிவரவில்லை. கடினமான பகுதியைத் தெரிவு செய்தது நான். ஆறு பிள்ளைகள் வாய் திறக்கவில்லை’ என்று எழுதினேன். உங்கள் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது அதிபர் என் புத்தகத்தில் அதைப் பார்த்தார். கையொப்பம் வைக்கப் போன பேனை நின்றது.

“என்னா டீச்சர், இப்பிடியா எழுதுறது? மேல எடத்துலருந்து வந்து பாத்தா என்னா நெனைப்பாங்க?”

“இப்பிடித்தான் எழுதணும்னு ஒருத்தர் சொல்லிக் குடுத்தாரு சேர்” என்றேன்.

யார் என்று கேட்டார். உங்கள் பெயரைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.