முகத்தில் ஒட்டாத வலை

சித்தாண்டி
மாசி, 1996

அன்பு மகள் நேசமலருக்கு அப்பா எழுதிக்கொள்வது, இங்கே எனக்கும் அம்மாவுக்கும் மூச்சும் ஓடுகிறது வாயும் ஓடுகிறது, நீயும் மருமகனும் அந்தக் குளிருக்குள் சுகமாய் இருக்க முருகன் துணை. ஐப்பசியில் நீ எழுதிய காகிதம் இப்போதுதான் வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் காட்டுப் பாதையில் நடக்கப் போகிறீர்களாம், சிலந்தி வலை முகத்தில் ஒட்டி நீ போட்ட கூச்சலில் மருமகன் தடக்கி விழுந்தாராம். மாடு தேடவுமில்லை, விறகுக்குமில்லை, சும்மா நடக்கவென்று காட்டுக்குப் போகிற சனத்தை நான் இப்போதுதான் கேள்விப்படுகிறேன். அம்மா வாசித்துவிட்டு, "இவளுக்கும் உங்கட புத்திதான்" என்றா.

இங்கேயும் அந்தச் சிலந்திச் சனியன்களோடுதான் சீவியம். வயல் வட்டைக்குப் போகும் வண்டிப் பாதையை ஆமிக்காரர் மூடிவிட்டார்கள், பற்றைக்குள்ளால் ஒற்றையடிப் பாதையில் போய் வயலைப் பார்த்து வருகிறோம். விடியற்காலை வலை அறாமல் கிடந்தால் இரவு அதால் ஒருவரும் போகவில்லை, மண்ணுக்குள் வெடி ஒன்றும் தாட்டு வைக்கவில்லை என்று அர்த்தம். ஆனபடியால் தடியால் விலக்கக் கூடாது, அந்த மங்கலில் வலை கண்ணுக்குத் தெரியாது, முகத்துக்குத்தான் தெரியும். முன்னுக்குப் போகிற மரியாதை எனக்கு. உன் மாமன் யோகராசா, "அத்தான், உங்கட மூக்குக்கு ஒரு வலையும் தப்பாது, நீங்க நடங்க" என்கிறான், அவன் வாயில் மண் விழ.

போன கிழமை அவனுக்குக் காய்ச்சல், தனியே போய் வந்து ரோட்டில் ஏறினேன். தலை, மீசை எல்லாம் வலை. சென்றியில் காவல் நின்ற ஆமிக்காரன் மீசையைப் பிடித்து இழுத்து, "காட்டுக்குள்ள யாரு பாத்தது? புலிக்குச் சோறு குடுத்ததா?" என்றான். வேளாண்மை பார்க்கப் போனேன் என்றதை நம்பவில்லை. மூன்று பேர் துவக்கோடு வந்து, குளத்தடிக்குப் போகும் பழைய பாதையில் "நீ முன்னுக்கு போ" என்று தள்ளினார்கள். கண்ணிவெடி கிடந்தால் முதலில் வெடிக்கிறது நானாம்.

சிலந்தியைக் கண்டால் காறித் துப்புகிறவன் நான். அன்றைக்கு வலை ஒட்ட ஒட்ட, வாடா என்ர ராசா என்று மனதுக்குள் கொஞ்சினேன். ஒன்று வாய்க்குள்ளும் போனது, துப்பவில்லை. ஒரு வளைவு தாண்டியதும் முகத்தில் ஒன்றும் ஒட்டவில்லை. இன்னும் ஒள்ளுப்பம், நாலைந்து அடி நடந்தேன், காற்றுத்தான் பட்டது. கால் தன்பாட்டில் நின்றுவிட்டது. பின்னாலிருந்தவன் துவக்கால் குத்த, எனக்குத் தெரிந்த சிங்களத்தில் "மாத்தயா, மகுளுவா நே" என்றேன். சிலந்தி இல்லை ஐயா என்று அழுகிற ஆம்பிளையை அவர்கள் எங்கே கண்டிருக்கப் போகிறார்கள்? ஒருவன் "பிஸ்ஸு", விசரன் என்று சொல்லிச் சிரித்தான். மற்றவன் சிரிக்கவில்லை, கன்னத்தைப் பொத்தி ஒன்று விட்டான். நான் குந்திவிட்டேன், கொன்றாலும் எழும்ப மாட்டன் என்று சொன்னேன். என்னைத் தாண்டி முன்னுக்குப் போக அவர்களுக்கும் மனமில்லை. கொஞ்ச நேரம் எல்லாருமாய் அந்த வெறும் பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு விசர்நாயைக் கலைப்பது போல என்னைக் கலைத்துவிட்டு அவர்களும் திரும்பினார்கள். அங்கே என்ன கிடந்ததோ, ஒன்றும் கிடக்கவில்லையோ, அறிய எனக்கு ஆசையில்லை.

கன்னம் பணியாரம் போல வீங்கிவிட்டது. சிலந்தி கடித்தது என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். உண்மை தெரிந்தால் வட்டைக்கு விடமாட்டா, வேளாண்மையோ வெட்டுக்கு நிற்கிறது, பன்றியும் இறங்குகிறது, இதை விட்டால் வருசத்துக்குச் சோறில்லை. அவ மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசிவிட்டு, விளக்குமாற்றோடு வீட்டில் ஒரு சிலந்தி மிச்சம் வைக்காமல் அடிக்கிறா. பாவங்கள், கடிக்காத கடிக்குச் சாகிறதுகள், நான் வாய் திறக்க வழியில்லை.

நீங்கள் நடக்கத்தான் வேண்டுமென்றால் மருமகனை முன்னுக்கு விடு, காதை மூடித் தொப்பி போடு. இருவரும் நோய்நொடியின்றி, பிள்ளைகுட்டியோடு பெருவாழ்வு வாழ வேண்டும். இதை அம்மா காணாமல் கொழும்புக்குப் போகும் ஒருவரிடம் கொடுத்துவிடுகிறேன், வாசித்ததும் கிழித்துவிடு. உன் மறுமொழியை அவதான் முதலில் உடைப்பா. ஆகையால் மறவாமல், அப்பாவுக்குச் சிலந்தி கடித்த வீக்கம் வற்றிவிட்டதா என்று கேட்டு எழுது மகள்.

இப்படிக்கு,
நாளைக்கும் வட்டைக்குப் போகும் உன் அப்பா
க. சாமித்தம்பி