பெரிய ற போட்ட பாட்டு

ஏ பாப்பா, என் கண்ணு, எப்படி இருக்கே? மாப்பிள்ளை சௌக்கியமா? பேரனுக்குப் பல்லு முளைச்சிடுச்சா, இல்ல இன்னும் பொக்கை வாயை வச்சுக்கிட்டே உன்னை அதிகாரம் பண்றானா? இங்க நாங்க ரெண்டு பேரும் வேளைக்குச் சாப்பிடுறோம், வேளைக்குத் தூங்குறோம், நடுவுல கிடைக்கிற நேரத்துல சண்டை போட்டுக்கிறோம், அதனால நல்லா இருக்கோம்னு நீயே முடிவு பண்ணிக்கோ. அங்க குளிர்னு சொன்னியே, காதை மூடிக்கிட்டு வெளியே போ. உங்கம்மாவுக்கு இப்ப இடது காது கொஞ்சம் மந்தம். அதுவும் வேண்டாத பேச்சுக்கு மட்டும்தான் மந்தம், நான் அடுப்படியில சர்க்கரை டப்பாவைத் திறந்தா வாசல்ல இருந்தே கேட்டுடுது.

போன் இருக்கும்போது அப்பா எதுக்குக் கடுதாசி எழுதுறாருன்னு நினைப்பே. போன்ல நீ நடுநடுவுல பேசுவே. கடுதாசியில நான் மட்டும்தான் பேசுவேன், நீ கேட்டுத்தான் ஆகணும். அதோட இது எழுத்தைப் பத்தின வழக்கு, எழுத்துலதான் தீரணும். நான் மழைக்குக்கூடப் பள்ளிக்கூடம் பக்கம் ஒதுங்காதவன், டிராக்டர் மேல எழுதியிருந்ததைப் பார்த்துப் பார்த்து எழுத்துக் கூட்டினவன். இதுல ர-வும் ற-வும் இடம் மாறிக் கிடந்தா நீயே திருத்திப் படிச்சுக்கோ. ஒரே ஒரு வார்த்தையை மட்டும் திருத்தாதே, அது எந்த வார்த்தைன்னு உனக்கே தெரியும்.

நம்ம சபைச் செயலாளர் உனக்குப் போன் பண்ணினாராம். அதாம்மா, வெயில்லயும் கோட்டைக் கழட்டாம வேர்த்து ஊத்திக்கிட்டு நிப்பாரே, அவர்தான். சபையில புதுசா பாட்டுப் புஸ்தகம் அச்சடிக்கிறாங்க, அதுல முதல் தடவையா உங்கம்மா பாட்டைச் சேர்க்கிறாங்க, ஆனா இறங்கி வா-ன்னு இருக்கிறதை இரங்கி வா-ன்னு மாத்தி, பெரிய ற-வைத் தூக்கிட்டு சின்ன ர போடணும், சம்மதம்னு அவங்க அனுப்பியிருக்கிற பேப்பர்ல கையெழுத்துப் போட்டு அனுப்புன்னு கேட்டாராம். ரிகார்டு கம்பெனிக்காரங்க வந்தப்ப நம்ம வீட்டுல படிக்கத் தெரிஞ்ச ஆளு நீ ஒருத்திதான், அதனால பாட்டெல்லாம் உன் பேருல எழுதி வச்சோம், இப்ப உன்னைப் பிடிக்கிறாங்க. நீயும் என்கிட்ட, ஒரு எழுத்துதானேப்பா, வாயில ரெண்டும் ஒண்ணாத்தானே வருது, அம்மா பேரு புஸ்தகத்துல வரட்டுமே, விட்டுடுங்கன்னு சொன்னே. நான் பேசாம இருந்தேன். ஒத்துக்கிட்டேன்னு நினைச்சுக்காதே, அப்ப என் ஒரு கையில போனு, ஒரு கையில கிரீஸ் டப்பா, ரெண்டுல எதை உன் பேச்சு மேல எறியலாம்னு யோசிச்சுக்கிட்டிருந்தேன்.

தெரிஞ்ச கதைதானேன்னு சொல்லாதே. உனக்குத் தெரிஞ்சது ரேடியோவுல வந்த கதை. ரேடியோக்காரர் உங்கம்மாகிட்ட இந்தப் பாட்டு எப்படிம்மா வந்துச்சுன்னு கேட்டாரு, உங்கம்மா வந்துச்சுன்னு சொன்னா. பேட்டி அதோட முடிஞ்சுது. மீதியை நான் சொல்றேன். உங்கம்மா அப்ப ஆஸ்பத்திரியில துணி துவைக்கிற கொட்டடியில வேலை பார்த்தா. அங்க ஒரு பெரிய மிஷின், உருளை சுத்தும்போது தடக் தடக்குனு ஒரே தாளமா அடிக்கும், அந்தச் சத்தத்தை மிஞ்சிப் பாடிப் பாடித்தான் அவளுக்கு அந்தக் குரலு. ஜெபக்கூடத்துல பாட நின்னா, உன் குரல் மத்தவங்க குரலைத் தின்னுடுது, கடைசி வரிசைக்குப் போன்னாங்க. கடைசி வரிசைக்குப் போனா முன்வரிசைக்காரங்க திரும்பித் திரும்பிப் பார்த்தாங்க, கதவுக்கு வெளியே நில்லுன்னாங்க. ஆஸ்பத்திரியில அப்ப ஒரு ஓட்டல் வாத்தியக்காரர் கை முறிஞ்சு படுத்திருந்தாரு. துணி மாத்தப் போன உங்கம்மாவுக்கு, கட்டில் கம்பியிலயே விரலை எங்க வைக்கணும்னு சொல்லிக் கொடுத்தாரு. கை சரியாகல. கரண்டுல வாசிக்கிற தன் கிட்டாரை இவகிட்டயே கொடுத்துட்டுப் போயிட்டாரு. நல்ல மனுசன், பீடிதான் ஜாஸ்தி, இவ போர்வையில ஓட்டை பார்த்துப் பார்த்துத் திட்டுவா. அதை விடு. அந்தச் சமயத்துலதான் நான் என்னைக் கட்டிக்கிறியான்னு கேட்டேன். அவ என்னை மேலயும் கீழயும் பார்த்துட்டு, உன் டிராக்டர் பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும்னு கேட்டா. ஊரே என்னை டிராக்டர்னு கூப்பிடும், ஆனா டிராக்டருக்காகவே கட்டிக்கிட்டவ இவ ஒருத்திதான்.

கிட்டாரை ஜெபக்கூடத்துக்குள்ள கொண்டுபோன அன்னைக்கு என்ன ஆட்டம்ங்கிறே! பொம்பளை, அதுவும் தோள்ல வாரைப் போட்டுக்கிட்டு, சாராயக்கடை வாத்தியத்துல ஆண்டவர் பாட்டான்னு பெரியவங்க எல்லாரும் எழுந்து நின்னுட்டாங்க. கம்பிக்காரின்னு பேரு வச்சதும் அன்னைக்குத்தான். சபையை விட்டே தள்ளிட்டாங்க. இவ அழுவான்னு பார்த்தேன், வெளியே வந்து, டிரெய்லரை மாட்டுன்னா. சந்தையில டிரெய்லர் மேல ஏறி நின்னு பாடினா பாரு, காய் விக்கிறவங்க தராசைக் கீழே வச்சுட்டாங்க. பஸ் நிலையத்துல பாடினா, சினிமாக் கொட்டகையில இடைவேளையில பாடினா, ஒரு தடவை குஸ்தி நடக்கிற இடத்துல பாடினப்ப, ரெண்டு பயில்வானும் பிடியை விடாமலே கேட்டுக்கிட்டு நின்னாங்க. பொம்பளை ஒருத்தி அப்படிப் பாடி அதுவரைக்கும் யாரும் பார்த்ததில்ல.

அப்புறம் அந்த வெள்ளம். நம்ம பள்ளத் தெருவுல இடுப்பளவு தண்ணி. ஜெபக்கூடம் மேட்டுல, அங்க சொட்டுத் தண்ணி இல்ல. செருப்புத் தைக்கிறவரோட சம்சாரம் நிறைமாசம், வலி எடுத்துடுச்சு. நம்ம வீட்டுக் கதவைக் கழட்டி, அதுல அவளைப் படுக்க வச்சு, நான் தலைப்பக்கம், உங்கம்மா கால்பக்கம், தண்ணியில தள்ளிக்கிட்டே வரோம். ஜெபக்கூடத்துப் படியில பெரியவங்க எல்லாரும் குடையைப் பிடிச்சுக்கிட்டு நின்னு, ஆண்டவரே இரங்கும், இரங்கும்னு உருகி உருகி ஜெபம் பண்றாங்க. சின்ன ர. நல்லாக் கவனிச்சுக்கோ. படிக்கட்டுக்கு நேரா வந்ததும் கதவு ஒருபக்கமா சாயுது, எனக்குக் கால் தரிக்கல. உங்கம்மா கத்தினா, ஐயா ஜெபத்தை அப்புறம் பண்ணிக்கலாம், இறங்கி வாங்க, ஒரு கை பிடிங்கன்னு. ஒருத்தரும் அசையல. ஆண்டவர் பார்த்துக்குவாரும்மான்னு ஒருத்தர் சொன்னாரு. இவ அவங்க தலைக்கு மேல அண்ணாந்து பார்த்து, அப்ப நீயாவது இறங்கி வாய்யான்னு போட்டா ஒரு சத்தம். எப்படியோ தள்ளிக் கரை சேர்த்தோம், டிரெய்லர் மேலயே குழந்தை பிறந்துச்சு, தாயும் பிள்ளையும் பிழைச்சுது. தண்ணி வடிஞ்ச பிறகு அந்தச் சத்தம்தான் பாட்டாச்சு. இடுப்பளவு தண்ணியில நிக்கிறோம், இறங்கி வா ஐயா, இறங்கி வா. அவ்வளவுதான் பாட்டு, மீதியெல்லாம் கிட்டாரு.

அந்தப் பாட்டைத்தான் ரேடியோவுல போட்டாங்க, ரிகார்டு போட்டாங்க, எங்கெங்கயோ கூப்பிட்டாங்க. ரிகார்டு உறையில பாட்டு வரியெல்லாம் கிடையாது, கம்பிக்காரி பாட்டுன்னு மட்டும்தான் இருந்துச்சு. பேரு பெருசானதும் சபையும் வாம்மா வாம்மான்னு சேர்த்துக்கிச்சு. இன்னைக்கு எந்த ஜெபக்கூடத்துல பார்த்தாலும் கிட்டாரு, டிரம்மு, ஏணி உயரத்துக்கு ஸ்பீக்கரு. முதல்ல கொண்டுபோனவளைக் கதவுக்கு வெளியே நிறுத்தினாங்கன்னு அந்த ஸ்பீக்கருக்குத் தெரியுமா? இத்தனை வருஷமா ஊரே சேர்ந்து பாடியிருக்கு, பாதிப் பேரு சின்ன ர-வுல பாடியிருக்காங்க, பாதிப் பேரு பெரிய ற-வுல பாடியிருக்காங்க, ஒருத்தருக்கும் தெரியல. அச்சாபீஸ்காரர் எந்த ர-ன்னு கேட்டப்பதான் குட்டு உடைஞ்சுது.

எங்களைக் கூப்பிட்டு வச்சுப் பேசினாங்க. கோட்டுக்காரர் சிரிச்சுக்கிட்டே, ஏம்மா, ஆண்டவரை இறங்கு இறங்குன்னு சொல்ல அவர் என்ன பஸ்ஸுலயா வராருன்னாரு. உங்கம்மா, பஸ்ஸுல வந்தாலும் சரி, நடந்து வந்தாலும் சரி, வந்தாப் போதும்னா. எல்லாரும் சிரிச்சாங்க, ஆனா பாட்டுக்குழுத் தலைவர், அதான் மரவேலை செய்யிறவர், அவர் சிரிக்கல. அவர் எழுந்து, அக்கா, என் சம்சாரம் உயிர் போற நேரத்துல அவ கையைப் பிடிச்சுக்கிட்டு இந்தப் பாட்டைத்தான் பாடினேன், எனக்கு அது இரக்கம் கேட்ட பாட்டு, சின்ன ர-தான், அப்ப நான் பாடினது தப்பான்னு கேட்டாரு. உங்கம்மா அவரைப் பார்த்து, தம்பி, நீ பாடினது உன்னுது, அதை யாரும் உன்கிட்ட இருந்து பிடுங்க முடியாது, ஆனா என் பேரைப் போட்டு அச்சடிச்சா அது என்னுதா இருக்கணும்னு சொன்னா. கோட்டுக்காரர் அப்பத்தான் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கிட்டே, ஒண்ணு சின்ன ர, இல்லாட்டிப் பாட்டும் கிடையாது பேரும் கிடையாதுன்னு முடிவாச் சொன்னாரு.

வீட்டுக்கு வந்து என்னை ரெண்டு எழுத்தையும் எழுதிக் காட்டச் சொன்னா. அவளுக்குத்தான் படிக்கத் தெரியாதே. சாக்பீஸ்ல டிராக்டர் மட்கார்டு மேல ஒரு கோடு கிழிச்சு, அதுல பெருசு பெருசா எழுதினேன். சுத்திச் சுத்தி வந்து பார்த்தா. சின்ன ர-வைக் காட்டி, இது மேட்டுல விறைச்சுக்கிட்டு நிக்குதுன்னா. பெரிய ற-வைக் காட்டி, இது குனிஞ்சு கோட்டுக்குக் கீழே கையை விடுது பாரு, இதுதான் என்னுதுன்னா. பள்ளிக்கூடம் போயிருந்தா இப்படிப் படிச்சிருக்க மாட்டா.

நேத்து புதுசா வந்திருக்கிற சின்னப் போதகர் நம்ம வீட்டுக்கே வந்துட்டாரு, சேத்துல செருப்பைக் கையில எடுத்துக்கிட்டு. நல்ல பிள்ளை, டீ கொடுத்தேன். அம்மா, ஆண்டவர் இரங்கினாத்தானே இறங்குவாரு, அப்ப சின்ன ர-வுக்குள்ளயே பெரிய ற-வும் அடங்கிடுதேன்னு அழகாச் சொன்னாரு. எனக்கே அட, சரியாத்தானே இருக்குன்னு ஆயிடுச்சு. உங்கம்மா சொன்னா, ஐயா, அன்னைக்குப் படியில நின்னவங்களும் இரங்கத்தான் செஞ்சாங்க, நான் பார்த்தேன், அவங்க கண்ணெல்லாம் நனைஞ்சிருந்துச்சு, கால்தான் நனையல. செயலாளர்கிட்ட சொல்லிப் பார்க்கிறேன், ஆனா என் பேச்சு அங்க எடுபடாதும்மான்னு சொல்லிட்டுப் போனாரு.

இப்ப உன் கேள்விக்கு வரேன். காதுக்கு ரெண்டும் ஒண்ணுதானேன்னு கேட்டே. காதுக்கு ஒண்ணுதான். ஆனா நாங்க இருக்கிற வரைக்கும்தான் அது காதுல இருக்கும், அப்புறம் புஸ்தகத்துல இருக்கிறதுதான் பாட்டு. உன் பிள்ளை ஒரு நாள் அதைப் படிச்சுட்டு, பாட்டியும் படியில குடை பிடிச்சு நின்னவங்களோட சேர்ந்துதான் ஜெபம் பண்ணினாங்கன்னு நினைச்சுக்குவான். கதவைத் தள்ளினவளைத் தூக்கிப் படியில நிறுத்தின மாதிரி ஆயிடும். அதுக்குப் புஸ்தகத்துல அவ பேரு வரவே வேண்டாம். எங்களை என்ன பண்ணிடுவாங்க? சபையை விட்டுத் தள்ளுவாங்களா? ஒரு தடவை தள்ளினாங்க, ரேடியோவுல போய் விழுந்தோம். இன்னொரு தடவை தள்ளட்டும், எங்க போய் விழுறோம்னு பார்ப்போம். இன்னைக்கு ஆராதனையில உங்கம்மாவுக்கு மைக்கு கிடையாதாம். மைக்கை நீங்களே வச்சுக்கங்கன்னு சொல்லி அனுப்பிட்டா. படிக்குக் கீழே, தெருவுல, டிரெய்லரை நிறுத்திப் பாடப் போறோம். பேட்டரி சார்ஜ் ஏறிக்கிட்டிருக்கு.

ஒண்ணு சொல்லிடுறேன், உன்னை மிரட்டி எழுதக்கூடாது, அவ பிள்ளை அவ முடிவுன்னு உங்கம்மா கண்டிஷனா சொல்லியிருக்கா. நான் மிரட்டல. கையெழுத்துப் போட்டேன்னா அடுத்த தடவை நீ ஊருக்கு வரும்போது ஸ்டேஷனுக்கு டிராக்டர் வராது, பெட்டியைத் தலையில வச்சுக்கிட்டு நடந்து வா, அவ்வளவுதான். மத்தபடி நீயும் மாப்பிள்ளையும் பேரனும் ஒரு குறையும் இல்லாம, யாருக்கும் தலை குனியாம, நூறு வயசு இருக்கணும். பேரனைக் குளிப்பாட்டினதும் தலையை நல்லாத் துவட்டு. அந்தப் பேப்பரை அடுப்புல போட வேண்டாம், பின்பக்கம் வெள்ளையா இருக்குமில்ல, பிள்ளை கிறுக்கட்டும்.

இப்படிக்கு, உன் மேல கோபமும் அதைவிட ஜாஸ்தி பாசமும் உள்ள உன் அப்பா,
டிராக்டர்.

இன்னும் ஒண்ணு, உறையை ஒட்டுறதுக்குள்ள வாசல்ல சத்தம், எட்டிப் பார்த்தா பாட்டுக்குழு மரவேலைக்காரரு, மேட்டுல இருந்து வந்து நிக்கிறாரு, கோட்டுக்காரர் கூப்பிடக் கூப்பிடத் திரும்பிப் பார்க்காம வந்துட்டாராம், உங்கம்மாகிட்ட, அக்கா, நான் சின்ன ர-வுலதான் பாடுவேன், ஆனா உங்களோட கீழே நின்னு பாடுறேன்னு சொல்றாரு, உங்கம்மா ஸ்பீக்கரைத் தூக்கி அவர் தோள்ல வச்சுட்டா, அவருக்குப் பின்னாடி இன்னும் யார் யாரோ வராங்க, யாருன்னு தெரியல, கண்ணாடி எங்க வச்சேனோ, இரு, அவ என்னைத்தான் கூப்பிடுறா, ஒயரைப் பிடிக்க ஆளில்லையாம், வரேன்டீ வரேன், பாப்பா, நீ மட்டும் அந்தக் கையெழுத்தை